அவிழ்த்து வந்த கயிறு

எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஒட்டி நிற்கும் தென்னைக்கு அடியில் இன்றைக்கும் புல் முளைக்காத ஒரு வட்டம் இருக்கிறது. கட்டிப்போட்ட நாய் ஒன்று இரண்டு மாதம் சுற்றிச் சுற்றி நடந்து உண்டாக்கியது. அந்த நாய்க்கு ஓர் இடம் தேடி நான் அலைந்ததையும், இடம் கிடைத்த பிறகு அங்கே போய் நான் செய்த தப்பையும்தான் எழுதப் பார்க்கிறேன்.

மலையாள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். தென்னை போக, என் வீட்டுக்காரரிடம் நாற்பது சொச்சம் செம்மறி இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரர் பிள்ளைகள் விளையாட என்று ஒரு நாய்க்குட்டியை வாங்கி வந்து, அது ஓயாமல் ஓடுவதைப் பார்த்துச் சலித்துப்போய், "ஆடு வெச்சிருக்கறவங்க நீங்க கொண்டு போங்க" என்று இவரிடம் தள்ளிவிட்டார். வெளிநாட்டில் ஆடு மேய்க்கவே வளர்க்கிற சாதியாம். கறுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டை. ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்து கிடக்கும்.

வந்த புதிதில் அதற்கு எல்லாவற்றுக்கும் பயம். ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் நெல்லுக் குதிர் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். தோல் பெல்ட்டைக் கையில் எடுத்தாலே மூத்திரம் விட்டுவிடும். அங்கே யார் என்ன செய்தார்களோ, தெரியாது. இவர் பெல்ட்டை வீசிவிட்டுத் தன் பழைய வேட்டிகளைக் கிழித்து முறுக்கி மெத்தென்று ஒரு கழுத்துக் கயிறு செய்தார். அதை மட்டும் ஏற்றுக்கொண்டது. படுக்கும்போது கயிற்றின் நுனியை வாயில் கவ்விக்கொண்டுதான் படுக்கும்.

பெயர் ஒன்று வைத்தோம். அதற்கு அது திரும்பியதே இல்லை. இவர் ஆடுகளைக் கூப்பிடுவது போலவே நாக்கை மேலண்ணத்தில் வைத்து டொக்கென்று ஒரு சொடுக்குச் சொடுக்குவார். அதற்குத்தான் திரும்பும். யாரும் சொல்லித்தராமலே ஆடுகளைக் கற்றுக்கொண்டது. குரைக்காது, கடிக்காது. வயிறு தரையில் உரசும்படி தாழ்ந்து, பார்வையாலேயே தள்ளிக்கொண்டு போய்ப் பட்டிக்குள் அடைத்துவிடும். ஒரு ஆடு குறைந்தாலும் பட்டி வாசலில் படுக்காது. அது ஆடு பார்த்த மூன்று வருஷமும் எங்களுக்கு ஒரு குட்டிகூடக் காணாமல் போகவில்லை.

பிறகு இவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது காலும் கையும் பாதி, பேச்சும் பாதி. ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரே மாதத்தில் கொடுத்துவிட்டோம். வண்டியில் ஆடுகள் ஏறியபோது நாயை வீட்டுக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன். திறந்துவிட்டதும் வெறும் பட்டிக்குள் போய் மூலைக்கு மூலை மோந்து பார்த்தது. வாசலில் வந்து படுக்கவே இல்லை, நின்றுகொண்டே இருந்தது.

அதற்கப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் மேய்த்தது. கோழிகளை ஓட்டி வந்து அடுப்படியில் அடைத்தது. பால் சொசைட்டிக்குப் போகிறவர்களின் சைக்கிளைச் சுற்றி வளைத்தது. ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வண்டியை விட்டு இறங்கிய பிள்ளைகளை வளைத்து ஒன்றுசேர்க்கப் பார்த்ததில், பக்கத்துத் தோட்டத்துச் சின்னப் பெண் பயந்து ஓடி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பல் படவில்லை. ஆனால் இந்தக் காலத்தில் நாய் என்றாலே எங்கள் பக்கம் ஜனங்களுக்கு நடுக்கம். வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரையோ எங்கேயோ கடித்தது என்று சேதி வருகிறது. பயப்படாதீர்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே பயந்து சாகிறவள்.

அந்தப் பெண்ணின் அம்மா மறுநாள் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கு உங்க நாயி மேல கோவமில்லீங்க. ஆனா என்ற மாமனாரு சோத்துல எதையோ கலந்து வெச்சுப்போடறேன்னு பேசிட்டிருக்காருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் தென்னையில் கட்டினேன். கட்டிய நாளிலிருந்து வட்டம் போட ஆரம்பித்தது. நிற்கும் நேரத்தில் முன்னங்காலை நக்கியது. நக்கி நக்கி மயிர் போய், தோல் போய், சிவந்த சதை தெரிந்தது. மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டரம்மா களிம்பு எழுதிக்கொடுத்தார். "இதைத் தடவலாம், ஆனா இதுக்கு வேண்டியது களிம்பில்லை, வேலை" என்று மலையாளத்தில் சொன்னார். வெறிநோய் வராமலிருக்கப் பேவிஷ ஊசியும் போட்டுச் சீட்டு எழுதினார். புது வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டு இல்லாமல் அனுப்பாதே என்றும் சொன்னார். புது வீடு என்கிற பேச்சை முதலில் எடுத்தது அவர்தான். எனக்கு அது மனசில் இருந்தும் சொல்லத் துணிவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் நாயின் போட்டோவைப் போனில் பத்துப் பேருக்கு அனுப்பினாள். பார்க்க ஆள் வரும்போது மட்டும் நாயை அவிழ்த்துவிடுவேன். முதலில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. நாய் குதிர் இடுக்கை விட்டு வெளியே வரவில்லை. "குரைக்காதுங்களா? அப்பறம் எதுக்குங்க நாயி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து மகளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். நல்ல மாதிரி. வந்த கால்மணி நேரத்தில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் நாய் மாட்டுக்கொட்டகை மூலையில் ஒதுக்கி நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்குச் சிரிப்பு. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் நாலாவது மாடி வீடு என்றார்கள். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இன்னொருவர் குட்டி போடுமா என்று மட்டும் கேட்டார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன்.

கட்டிலில் படுத்தபடி இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். "நம்ம பொண்ணுக்குக்கூட நீ இத்தன எடம் பாக்கல" என்றார் ஒருநாள். வாய் கோணியிருந்ததால் சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

காந்தலூரிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு எங்கள் சந்தைக்கு வாரம் ஒருமுறை ஒரு வேன் வரும். அந்த டிரைவர்தான் அவர்கள் ஊர் அம்மா ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். மலை மேல் அறுபது ஆடு வைத்துக்கொண்டு, பூண்டு அறுத்த காடுகளில் எருவுக்காகப் பட்டி போடுகிறவள். இன்றைக்கு ஒரு காடு, நாலு நாள் கழித்து வேறு காடு. தனியாள். போனில் பேசினேன். நான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்த இருபது விஷயத்தில் ஒன்றைக்கூட அவள் சொல்ல விடவில்லை.

"ஆட்டக் கடிக்குமாக்கா?"

"கடிக்காதுங்க."

"மனுசர?"

"கடிக்காதுங்க. ஆனா ரொம்பப் பயப்படுமுங்க."

"பயப்பட்டா நல்லதுதான். இங்கன பயமில்லாத நாயெல்லாம் புலி வாயிலதான் போய்ச் சேருது."

அந்த வார்த்தை என்னை ஒரு வாரம் சோறு தின்ன விடவில்லை. இவர்தான் போகட்டும் என்றார். புலி இருக்கிற ஊரிலும் நாய் வளர்க்கிறார்களே என்றார். இங்கே சோற்றில் கலப்பதற்கு ஆள் இருக்கிறதே, அதை நினைத்துப் பார் என்றார்.

போவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்குக் கொடுக்க இரண்டு பக்கம் எழுதினேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த இரண்டு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. பின்னாலிருந்து போய்த் தொடக் கூடாது. கண்ணுக்கு நேராகப் பார்க்கக் கூடாது. சோறு வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். மோர் ஊற்றினால் தின்னும், குழம்பு ஊற்றினால் தின்னாது. பட்டாசுச் சத்தத்துக்கு ஓடும். நாக்கைச் சொடுக்கினால் திரும்பும். இப்படி நினைவில் இருந்ததையெல்லாம் எழுதினேன். கயிற்றைப் பற்றி எழுதவில்லை. எழுதுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வேனிலேயே போனோம். சின்னாறு செக்போஸ்ட்டில் ஊசிச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, காடு தாண்டும்வரை நாயை இறக்கக் கூடாது என்றார்கள். அது இறங்குகிற நிலையிலா இருந்தது? என் காலுக்கடியில் சுருண்டு, கயிற்று நுனியைக் கவ்விக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. மறையூரைத் தாண்டி மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. யூகாலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால், படிப்படியாக வெட்டிய பூண்டுக் காடுகளில் ஒன்றில், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாயின் நடுக்கம் நின்றுவிட்டது. மடிந்த காதுகூடப் பாதி நிமிர்ந்தது.

அந்த அம்மா என்னைவிடப் பத்து வயது இளையவள். தலையில் துண்டு, மழைக்கோட்டு, கையில் கம்பு. நாயைக் கூப்பிடவில்லை, தடவ வரவில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள். எனக்கு அவளைப் பார்த்ததும் பாதிக் கவலை போயிற்று. மீதிப் பாதியால்தான் வினை வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மாட்டை விற்றாலும் சும்மா கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொள்ள வேண்டும். பழையதை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையில் மாட்டிவிடுவோம். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் சேர்ந்து போய்விடும் என்பார்கள். நாய்க்கு அந்த வழக்கம் உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அந்தக் கயிறு இவருடைய வேட்டி. இவர் மேலில் கிடந்த துணி. இவர் பாதி உடம்போடு படுத்திருக்கும்போது அதை இன்னொரு வீட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவும் எனக்குப் பயம். அதனால் புதுக் கயிறு எடுத்துவைக்கும்படி வேன் டிரைவர் மூலம் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். நீல நைலான் கயிறு ஒன்று வைத்திருந்தாள்.

நான் முடிச்சை அவிழ்க்கும்போது, "இந்தக் கயிறே கெடக்கட்டும்க்கா. மோப்பம் தெரிஞ்ச கயிறு. இது என்ன மாடா?" என்றாள்.

"இல்லம்மணி, எங்க பக்கம் வழக்கமில்ல."

அவள் குனிந்து நைலான் கயிற்றைக் கட்டினாள். நாய் அவளையும் பார்க்கவில்லை, ஆடுகளையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கயிற்றையே பார்த்தது. நான் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், பஸ்ஸில் ஏற்றிவிடக் காத்திருந்த வேனுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம்தான்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது இவர் கயிற்றைப் பார்த்துவிட்டார். "அவுத்துட்டா வந்தே?" என்றார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக அவிழ்த்து வந்தேன் என்று கேட்க வாய் வரை வந்தது. கயிற்றைக் கொண்டுபோய்க் கொட்டகையில் மாட்டினேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. நைலான் முடிச்சிலிருந்து தலையை உருவிக்கொண்டு நாய் போய்விட்டது. அந்த அம்மா பதறவில்லை. தூரத்தில் போகவில்லை, மேல்காட்டு மேட்டில் நின்று ஆடுகளைப் பார்க்கிறது, ஆள் போனால் மறைந்துவிடுகிறது, சோறு வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றாள். இரண்டாம் நாளும் அதே சேதிதான். மூன்றாம் நாள் அவள் குரல் மாறியிருந்தது. மேல்காட்டு ஈரமண்ணில் புலித்தடம் கிடக்கிறதாம்.

"நீங்க வராட்டாலும் பரவால்லக்கா. அந்தக் கயித்த மட்டும் வேன்ல குடுத்து விடுங்க."

வேன் வர இன்னும் நாலு நாள் இருந்தது. நான் அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். தென்னைக்கடியில் இருந்த வட்டத்தைப் பார்க்கும்போது நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஒரு பக்கம் பட்டினி கிடக்கிற நாய், ஒரு பக்கம் இவர். கொடுத்து இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொடுக்காமல் நாயைப் புலி கொண்டுபோய்விட்டால்? யாரிடமும் சொல்ல முடியாது. மகளிடம் சொன்னால், என்னம்மா இது என்பாள்.

இவர் தன் நல்ல கையை நீட்டினார். கயிற்றை எடுத்துவரச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கித் தன் கழுத்திலும் அக்குளிலும் நிதானமாகத் தேய்த்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போய்க் குடுத்துட்டு வா. நான் என்ன இந்தக் கயித்துலயா கட்டிக் கெடக்கறேன்?"

முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர். நான் சொல்லாமல் வைத்திருந்தது அவருக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துச் சின்னப் பெண்ணின் அம்மாவிடமே, அவருக்கு மத்தியானச் சோறு கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கயிற்றுக்கு வேறு வாசம் ஒட்டிவிடக் கூடாது என்று தனியாக ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி, மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தேன்.

நான் கூப்பிட்டால் நாய் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா ஊர் முனையிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

"நீங்க அது கண்ணுல படக் கூடாதுக்கா. பட்டா இன்னிக்கு வரும், நாளைக்கு உங்க பின்னாடியே எறங்கிரும். அப்புறம் அது எந்த ஊரு நாயி?"

எனக்கு அது நியாயமென்று தெரிந்தது. காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கிறதா என்று பார்த்து, பின்வழியாகக் கூட்டிப்போய், பூண்டுக் கட்டுகள் தொங்கும் பலகைச் சாய்ப்புக்குள் என்னை உட்கார வைத்தாள். பூண்டு நாற்றத்தில் என் வாசம் தெரியாது என்றாள். பலகை இடுக்கில் பார்த்தால் பட்டி தெரியும். கயிற்றை என்னிடம் வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவள் இழுத்தாள், என் விரல்கள் விட்டன. அதைக் கொண்டுபோய், மற்ற ஆடுகள் பின்தொடர்ந்து போகும் ஒரு கிழட்டுப் பெட்டையாட்டின் கழுத்தில் கட்டினாள்.

நாலு மணிவாக்கில் மலைமேலிருந்து மூடுபனி இறங்கியது. ஆடுகள் பட்டியை நோக்கித் திரும்பின. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேட்டில் ஒரு வெள்ளைத் திட்டு அசைந்தது. மெலிந்து போயிருந்தது. வயிற்றைத் தரையில் வைத்து வைத்து இறங்கி வந்தது. அந்தக் கிழட்டு ஆட்டுக்கு எதிரே வந்து நின்றது. ஆடு நகரவில்லை. நாய் கழுத்தை நீட்டிக் கயிற்றை மோந்தது. ரொம்ப நேரம் மோந்தது. தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தது. இவரைத் தேடுகிறது. பலகை இடுக்கில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

தேடி முடித்தபின் அது என்ன செய்யும் என்று எனக்கும் தெரியவில்லை, அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. மூன்று ஆடுகள் கூட்டத்தை விட்டு விலகி ஒரு பீன்ஸ் பாத்தியை நோக்கிப் போயின. நாய் அவற்றைப் பார்த்தது. உடம்பு தாழ்ந்தது. சுற்றிக்கொண்டு போய் மூன்றையும் திருப்பியது. அப்புறம் மற்றவற்றையும் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக, அறுபதையும் பட்டிக்குள் தள்ளியது. அவள் போய்ப் பட்டி வாசல் படலைச் சாத்தினாள். பத்தடி தள்ளி மோர்ச்சோற்றை வைத்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் எழுதியிருந்தபடியே.

உட்கார்ந்தவள் நாக்கைச் சொடுக்கினாள். அது சரியான சத்தம் இல்லை. இவருடையது அடித்தொண்டையிலிருந்து வரும். அவளுடையது பல்லி சொல்வது போல இருந்தது. நாய் திரும்பவில்லை. அவள் மறுபடியும் சொடுக்கினாள். சரியான சத்தம் எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் கேட்ட சத்தம். நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போய்விட்டது. நான் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அவள் சொடுக்கியபோது, மடிந்த காது மட்டும் அவள் பக்கம் அசைந்தது. நாய் சோற்றின் அருகே போய், அவள் முதுகையே பார்த்துக்கொண்டு தின்றது. தின்றுவிட்டுப் பட்டி வாசலில் படுத்தது.

நான் பின்வழியாகவே இறங்கிப் போய்ப் பஸ் பிடித்தேன். அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அவள் இன்னும் முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார். "குடுத்துட்டேனுங்க" என்றேன். தலையை ஆட்டினார். பட்டிக்கு வெளியே ஏதாவது நின்றதா என்று கேட்டார். இல்லை, அறுபதும் உள்ளே போய்விட்டது என்றேன். அன்றைக்கு மகள் வாங்கி அனுப்பிய கருவியில் அவருக்கு மூன்று தடவை பிரஷர் பார்த்தேன். மூன்றாவது தடவை அவர் கையை இழுத்துக்கொண்டார்.

வேன் டிரைவர் வாரம் தவறாமல் சேதி கொண்டுவருகிறார். அந்த அம்மா கயிற்றை ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்து நாய்க்குப் பக்கத்தில் போட்டிருக்கிறாள். கழுத்தில் கட்ட இன்னும் விடவில்லையாம். நுனியைக் கவ்விக்கொண்டு படுக்கிறதாம். காலில் மயிர் முளைத்துவிட்டது. ஒருநாள் அது மோப்பம் பிடித்து ஆடுகளை வழக்கமான நேரத்துக்கு முன்பே உள்ளே தள்ளிவிட்டது. மறுநாள் காலையில் படலுக்கு வெளியே தடம் கிடந்ததாம். இந்தச் சேதி கேட்டு இவருக்குச் சந்தோஷம். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

வழக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. காலையில் எழுந்ததும் கண்ணைக் கசக்குவதற்கு முன்னால் இவர் நெஞ்சைத்தான் பார்க்கிறேன். கயிறு போய் எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது.